மென்டர் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதற்கு அப்பால் ஆலோசகர் என்ன செய்ய வேண்டும்?

காவிரிக்கரை (வினா):
வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பு பெற்ற பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இப்பருவத்திலிருந்து இரண்டாமாண்டு மாணவர்கள் சிலருக்கு என்னை ஆலோசகராக நியமித்துள்ளார்கள். மாதம் ஒருமுறை வருகை, இன்டர்னல் (அகமதிப்பீட்டு) மதிப்பெண், அரியர் (தேர்ச்சி பெறாமல் நிலுவையில் உள்ள தாள்கள்) ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு அதைத்தான் கேட்கும் என்கிறார்கள். ஆனால் நான்கு அரியர் வைத்திருக்கும் மாணவரும் "எல்லாம் சரியாக இருக்கிறது சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இவர்களிடம் எதை, எப்போது, எப்படிப் பேச வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தேர்வறை:
விதிகளைச் சொல்வதும் மாணவரின் போக்கை அறிந்து வழிகாட்டுவதும் வெவ்வேறு வேலைகள். இந்த வேறுபாட்டை 1972-இல் அமெரிக்கரான பர்ன்ஸ் குரூக்ஸ்டன் எழுதிய கட்டுரை தெளிவாக முன்வைத்தது. மாணவரோடு பேசி அவரையே முடிவெடுக்கச் செய்யும் முறையை அவர் வலியுறுத்தினார். அதை நானும் ஏற்கிறேன். ஆனால் நம் மாணவர்களில் பலருக்கு விதியே தெரியாது என்பதால் முதலில் அதைத் துல்லியமாகச் சொல்லியாக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி எழுத்துத் தாள்களுக்கு இன்டர்னல் 40, பருவத்தேர்வு 60. மொத்தத்தில் 50 வேண்டும், பருவத்தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம், அதாவது 27 வேண்டும். இன்டர்னலில் 25 வாங்கியவருக்கு அந்த 27 போதும். 10 வாங்கியவர் பருவத்தேர்வில் 60-க்கு 40 எடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கை மாணவரே தம் தாள்கள் ஒவ்வொன்றுக்கும் உங்கள் எதிரில் போட்டுப் பார்க்கட்டும். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு சொல்வதில் பயனில்லை. 80-ஐத் தொடும்போதே கூப்பிட்டுப் பேசுங்கள்.

வைகை ஆசிரியை:
"ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் "இல்லை மேடம்" என்ற பதில்தான் வரும். அதனால் நான் முதல் இன்டர்னல் விடைத்தாளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் பேசுவேன். தமிழ்வழியில் படித்து வந்த ஒரு மாணவரின் தாளில் கணக்குகள் எல்லாம் சரியாக இருந்தன. இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்தும் வெறுமையாக இருந்தன. அவற்றுள் ஒன்றைத் தமிழில் சொல்லச் சொன்னேன், தடையின்றி விளக்கினார். அவருக்குக் குறையாக இருந்தது ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதும் பழக்கம் மட்டுமே என்பது, "நன்றாகப் படி" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலுக்கு வருபவர்களில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். எலக்டிவ் (விருப்பப் பாட) தாளை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது என்று கேட்க அவர்கள் வீட்டில் ஆளில்லை. ஆகவே நண்பர்கள் எடுத்ததையே எடுத்துவிடுகிறார்கள். பதிவு தொடங்குவதற்கு முன்பே பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்து அவர்களோடு உட்கார வேண்டும்.

நெய்தல்:
தேர்வறை அவர்கள் சொன்ன கணக்கு அவசியமானதுதான். ஆனால் நான்கு அரியர் உள்ளவரிடம் முதல் சந்திப்பிலேயே அதைப் போடச் சொன்னால் அவர் மறுமுறை வரமாட்டார். எந்தத் தாளை இப்பருவத்தில் முடிக்க இயலும் என்று அவரையே கேட்டு, அந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பெற்றோரை அழைப்பதாக இருந்தால் மாணவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தெரியாமல் அழைத்தால் அன்றோடு அவர் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவது நின்றுவிடும். தூக்கமின்மை, தனித்து ஒதுங்குவது போன்றவை தெரிந்தால் நாமே மருத்துவம் பார்க்க முனையாமல் மனநல ஆலோசகரிடம் உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.

காவிரிக்கரை:
மூவருக்கும் நன்றி. விடைத்தாளோடு உட்காருவதற்கு மாதம் ஒருமுறை என்ற ஏற்பாடு போதாது என்று தோன்றுகிறது. ஒவ்வொரு இன்டர்னல் தேர்வுக்கும் அடுத்த வாரத்தில் தனித்தனியாகச் சந்திக்க நேரம் ஒதுக்குமாறு துறைத்தலைவரிடம் கேட்கவிருக்கிறேன்.