கையில் எடுத்ததுமே ஆடவைத்த காய்கள்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மௌலமைன் மாப்பிள்ளை:
மாமனார் வீட்டுப் பக்கத்து டீக்கடை. சிட்டுயின் என்கிற பர்மியச் சதுரங்கம் நம் மியான்மரில் எல்லாருக்கும் தெரியும், அதிகம் விளக்கவில்லை. நான் போனில் ஆடிப் பழகியவன். அதில் யானையும் குதிரையும் வெறும் படம். அன்று ஒரு பர்மியப் பெரியவர் கால்கள் உள்ள தேக்குப் பலகையைப் போட்டு, துணிப்பையிலிருந்து காய்களைக் கொட்டினார். சிவப்பு எனக்கு, அதனால் முதலில் அடுக்க வேண்டியது நான்தான். 'நே' என்கிற சிப்பாய் எட்டும் தம் இடத்தில் நின்றுவிடும், மற்ற எட்டையும் பெரும்பாலும் நம் இஷ்டத்துக்கு வைக்கலாம் இல்லையா? போனில் சட்டென்று வைத்துவிடுவேன். அன்று யானையைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவே இல்லை. தும்பிக்கை சுருண்டிருக்கிறது, நெற்றி மட்டும் பல பேர் விரல் பட்டு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. எதிரில் இருப்பது நிஜப் படை என்றே தோன்றிவிட்டது. டீ ஆறிப்போனது. பெரியவர் அவசரப்படுத்தவே இல்லை. அப்புறம் தன் தேரை 'டொக்'கென்று வைத்தார் பாருங்கள், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். இப்போது போனில் அந்த ஆட்டமே பிடிக்கவில்லை.

பகோ அக்கா:
தம்பி, ஆட்டம் மூளையில் இருக்கிறது, மரத்தில் இல்லை. எங்கள் ஆயா மண்ணில் பதினாலு குழி தோண்டி, புளியங்கொட்டை போட்டுப் பல்லாங்குழி ஆடுவார். ஊரே கூடும். பிறகு தமிழ்நாட்டிலிருந்து ஒரு பித்தளைப் பல்லாங்குழி வந்தது, சோழியோடு. அவ்வளவு அழகு! கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதில் யாரும் ஆடிப் பார்த்ததே இல்லை.

ரங்கூன் ராத்திரி ஆட்டம்:
அக்கா, பூட்டியது வீட்டுக்காரர்கள். சோழி என்ன செய்யும்? என் கதை அஸுல். மிக்கேல் கீஸ்லிங் 2017இல் கொண்டுவந்த ஆட்டம், அடுத்த வருடம் ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று பரிசு வாங்கியது. போர்த்துகல் நாட்டுச் சுவர் ஓடுகள்தான் கரு. ஐந்து நிறம், நிறத்துக்கு இருபதாக நூறு ஓடு, வழுவழுப்பாக, கொஞ்சம் கனமாக இருக்கும். அம்மா எந்த ஆட்டத்துக்கும் உட்காராதவர். மேசையில் பார்த்துவிட்டு, "என்னடா மிட்டாயா?" என்று பைக்குள் கையை விட்டார். ஓடுகள் உரசுகிற சத்தம் பிடித்துப்போய், எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரே நிறத்தை மொத்தமாக அள்ளு, மிச்சத்தை நடுவில் தள்ளு என்றதும் புரிந்துகொண்டார். ஓட்டில் ஓர் எழுத்து கிடையாதே! அட்டைத் துண்டாக இருந்திருந்தால் அம்மா திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்.

கேரம் கிறுக்கன்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். நண்பன் வீட்டில் புது மரக்காய்கள், சிவப்பு ராணி பளபளவென்று. ராணியைப் போட்டுவிட்டு அதற்குத் துணைக்காய் போடக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான் எதிராளி.

ஆனால் ஒன்று சொல்கிறேன், அழகு வாங்கினால் போதாது, காப்பாற்ற வேண்டும். நம் ஊரில் மே முதல் அக்டோபர் வரை மழை. பலகையை ஈரச்சுவரில் சாய்க்காதீர்கள், வளைந்துவிடும். மட்டமாகப் படுக்க வையுங்கள். காய்களைத் தண்ணீரில் கழுவ வேண்டாம், உலர்ந்த துணி போதும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருந்தால் போட்டியில் செல்லாது, காயும் சீக்கிரம் சிதையும். போரிக் பொடி கிடைக்கவில்லை என்று முகத்தில் பூசுகிற தனக்காப் பொடியைத் தூவுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், முகத்துக்கே இருக்கட்டும்.

மௌலமைன் மாப்பிள்ளை:
அண்ணே, கேரம் பற்றி நான் கேட்கவே இல்லையே! அக்கா, அந்தப் பித்தளைப் பலகை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறதா? அப்புறம், மரத்தில் சிட்டுயின் காய் செதுக்குகிறவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம்.