ஊசி போட்டு 2 மணி நேரம் ஆச்சு, வீக்கம் இறங்கல. அவசரம்!

தென்றல்21
தம்பிக்கு ஹெச்.ஏ.இ. (பரம்பரையா வர்ற, திடீர்னு உடம்பு வீங்கற நோய்), அம்மா வழியில வந்தது. காலையிலேர்ந்து வலது கை வீங்கிட்டே போகுது. ஊசி போட்டு 2 மணி நேரம் ஆகுது, கொஞ்சம்கூட இறங்கல. வயித்துல குத்தின இடம் வேற சிவந்திருக்கு. மருந்து கெட்டுப்போச்சா? இன்னொண்ணு போடலாமா? சீக்கிரம் சொல்லுங்க.

கருவேலன்
எந்த ஊசி? பேரே இல்லாம என்னத்தைச் சொல்றது? வீக்கம் கையில மட்டும்தானா? குரல் மாறியிருந்தாலோ, எச்சில் முழுங்கச் சிரமமா இருந்தாலோ, நாக்கு தடிச்சிருந்தாலோ இங்க பதிலுக்குக் காத்திருக்காதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

ஊசிமுனை
வயசு, எடை? ஊசி தசைக்குள்ள போயிருக்கும்னு தோணுது. ஹெச்.ஏ.இ. வீக்கம் வந்ததும் போடற ஐகாட்டிபன்ட்னா, அது தோலுக்கடியில போகணும். தொப்புளுக்கு 5–10 செ.மீ. கீழ, பக்கவாட்டுல, தோலை மடிச்சுப் பிடிச்சு, 30 செகண்டுக்குக் குறையாம மெதுவா ஏத்தணும். ஒல்லியான வயித்துல மடிக்காம நேரா குத்திடுவாங்க.

மூத்தவன்
பெட்டிக்குள்ள ஒரு தாள் இருக்கும். அதைப் பிரிச்சுப் படிக்கிற வழக்கமே ஒழிஞ்சுபோச்சு. ஐகாட்டிபன்ட் பெரியவங்களுக்கு 30 மி.கி., 3 மி.லி.; எடை எதுக்கு? பத்தலைன்னா 6 மணி நேரம் கழிச்சு அடுத்தது, 24 மணி நேரத்துல 3-ஐத் தாண்டக் கூடாது. இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதறது?

வெயில்காலம்
என் ஓட்டு வெப்பத்துக்குத்தான். 25 டிகிரிக்கு மேல ஐகாட்டிபன்டை வைக்கக் கூடாது. கார்ல கிடந்துச்சா?

தென்றல்21
இல்லங்க, ஃப்ரிட்ஜ்லதான் இருந்துச்சு. வயசு 19, எடை 62. இப்ப கீழுதடும் லேசா தடிக்குது. குரல் நல்லாத்தான் இருக்கு.

சாரல்
அலர்ஜி மாத்திரை, செட்டிரிசின் ரெண்டு கொடுத்துப் பாருங்க. ஆஸ்பத்திரியில எப்படியும் ஹைட்ரோகார்டிசோன்ங்கற ஸ்டீராய்டு போடுவாங்க.

கருவேலன்
ஃப்ரிட்ஜ்லயா? லேபிளைப் பாருங்க. 300 மி.கி., 2 மி.லி.ன்னு இருக்கா?

தென்றல்21
ஆமா. 300.

கருவேலன்
அப்ப அது லானடெலுமாப், தடுப்பு ஊசி. மருந்து கெடல, ஊசி தசையில போகல. அதோட வேலையே வேற. கல்லிக்ரெய்ன்ங்கற நொதியைத் தடுத்து, வீக்கத்தை உண்டாக்கற பிராடிகைனின் புதுசா உருவாகாம பாத்துக்கும். ரத்தத்துல உச்சத்துக்கு வரவே சில நாள் ஆகும். ஏற்கனவே ஊறின பிராடிகைனின் இரத்தக்குழாயைக் கசியவிடுறதை நிறுத்த அதால முடியாது. அதுக்குத்தான் ஐகாட்டிபன்ட்: பிராடிகைனின் போய் உக்காருற பி2 ஏற்பியை அடைச்சிடும்.

வீட்ல ஐகாட்டிபன்ட் இருந்தா இப்பவே போடுங்க. லானடெலுமாப் போட்டது அதுக்குத் தடையில்ல. சிவந்த பக்கத்தை விட்டுட்டு வயித்தோட மறுபக்கம். தழும்பு, கன்னிப்போன இடமும் வேணாம். சிரிஞ்ச் மூடியைத் திருகி எடுத்து, ஊசியை அதோட மூடியோடவே வெச்சுத் திருகி மாட்டணும். பிஸ்டனைப் பின்னால இழுக்காதீங்க. மருந்து முழுசும் போகணும். போட்ட இடம் எரியும், சிவக்கும், தடிக்கும்; அது சில மணி நேரத்துல தானா அடங்கிடும்.

அப்புறம் உடனே கிளம்புங்க. உதடு தொண்டைக்குப் பக்கத்து வீடு. குறையுதான்னு வீட்ல உக்காந்து பாக்க வேணாம். நோய் உறுதியான ரிப்போர்ட், ரெண்டு ஊசிப் பெட்டி, போட்ட நேரம் எழுதின சீட்டு எல்லாம் கையில இருக்கட்டும். ஐகாட்டிபன்ட் இல்லைன்னாலும் கிளம்புங்க. சி1 இன்ஹிபிட்டர் (இந்த வீக்கத்தை அடக்கற புரத மருந்து) இருக்கான்னு போற வழியிலயே போன்ல கேளுங்க. நரம்பு வழியா கிலோவுக்கு 20 யூனிட், 62 கிலோவுக்கு 1240. அது இல்லாத இடத்துல எஃப்.எஃப்.பி. (உறைய வெச்ச ரத்தப் பிளாஸ்மா) ஏத்துவாங்க.

ஊசிமுனை
மூத்தவரே, எடை எதுக்குன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான்.

மூத்தவன்
நான் சொன்னது ஐகாட்டிபன்டுக்கு. அதுல ஒரு எழுத்தும் தப்பில்ல.

ஊசிமுனை
எந்த ஊசின்னே தெரியாதப்போ ஐகாட்டிபன்ட்னு எழுதினீங்க.

மூத்தவன்
முதல்ல எழுதினது யாரு? மேல போய்ப் பாருங்க.

சாரல்
செட்டிரிசின் கொடுத்தா என்ன கெட்டுடும்?

வெயில்காலம்
மாத்திரையால கெடுதல் இல்ல, அதை நம்பிக் காத்திருக்கிற நேரம்தான் கெடுதல். இது அலர்ஜியில வர்ற ஹிஸ்டமின் வீக்கம் இல்ல. செட்டிரிசின், ஸ்டீராய்டு, அட்ரினலின் மூணும் இதுல எடுபடாது.

சாரல்
அப்ப வீங்கினா அட்ரினலினே கூடாதுங்கறீங்க?

கருவேலன்
அப்படிச் சொல்லிடாதீங்க, யாராவது படிச்சுட்டு அப்படியே நம்பிடப் போறாங்க. அரிக்கிற தடிப்பு, மூச்சிரைப்பு, பி.பி. இறங்கறது சேர்ந்து வந்தா அது அனஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. அங்க அட்ரினலின்தான் முதல், தாமதிக்கவே கூடாது. ஹெச்.ஏ.இ. வீக்கத்துல அரிக்கிற தடிப்பு வராது. அடையாளம் அதுதான்.

தென்றல்21
ஐகாட்டிபன்ட் அலமாரியில இருந்துச்சு, போட்டாச்சு. எமர்ஜென்சியில இருக்கோம். உதடு அதுக்கு மேல ஏறல. ராத்திரி வெச்சுப் பாப்பாங்களாம். நன்றி.

கருவேலன்
நல்லது. அடங்கிடுச்சுன்னு உடனே கிளம்பிடாதீங்க. ஐகாட்டிபன்டோட அரை ஆயுள் (ரத்தத்துல மருந்து பாதியாக் குறையற நேரம்) 1–2 மணி நேரம்தான், வீக்கம் மறுபடி தலைதூக்கலாம். அட்டவணைக்கு வெளிய ஒரு லானடெலுமாப் போயிருக்கறதால அடுத்த டோஸ் தேதியை டாக்டர்கிட்டயே கேளுங்க, நீங்களா கணக்குப் போடாதீங்க. ரெண்டு பெட்டி மேலயும் மார்க்கர்ல பெரிசா எழுதுங்க: ஒண்ணுல ‘அட்டாக்’, இன்னொண்ணுல ‘தடுப்பு’. அட்டாக் பெட்டிக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்ல, தம்பி போற இடமெல்லாம் பையிலயே இருக்கணும்.

மூத்தவன்
இதெல்லாம் அந்தத் தாள்லயே இருக்கு.

வெயில்காலம்
மார்க்கர்ல எழுதறது எந்தத் தாள்ல இருக்கு?

ஊசிமுனை
தென்றல், கையில இன்னும் எத்தனை ஐகாட்டிபன்ட் இருக்கு? ரெண்டு அட்டாக்குக்குப் போதுமானது எப்பவும் இருக்கணும். டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே சீட்டு எழுதி வாங்கிடுங்க.