ஒஹாயோ, 1860: எள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க உதவி தேவை

என் கணவரின் எள்ளுப்பாட்டியுடைய பிறந்த வீட்டுப் பெயர், அதாவது திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், எங்கும் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 1838இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒஹாயோ மாநிலத்தின் ஏதென்ஸ் கவுன்டியில் (மாவட்டம்) ஒரு விவசாயியின் வீட்டில், கைக்குழந்தையோடு இருக்கிறார். அதற்கு முன் எந்தத் தடயமும் இல்லை.

ஏதென்ஸ் கவுன்டியின் திருமணப் பதிவேட்டில் இவரும் இவர் கணவரான அந்த விவசாயியும் இல்லை. பென்சில்வேனியாவிலோ 1885க்கு முன் திருமண உரிமமே கிடையாது. 1850 கணக்கெடுப்பில் பெண்கள், குழந்தைகள் பெயரெல்லாம் உண்டு, ஆனால் தந்தையின் குடும்பப் பெயர் தெரியாமல் எப்படித் தேடுவது? மகனின் இறப்புச் சான்றிதழில் தாயின் பெயருக்கு நேரே 'தெரியாது' என்றிருக்கிறது. கல்லறையிலும் 'இன்னாரின் மனைவி' மட்டும்தான். பிள்ளைகளை வளர்த்து, பண்ணையில் உழைத்தவருக்கு இவ்வளவுதானா என்று மனம் ஆறவில்லை. அவருடைய கணவர் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போகாததால் விதவை ஓய்வூதியக் கோப்பும் இல்லை.

ஒரே ஒரு பிடி: 1860இல் அடுத்த வீட்டில் பென்சில்வேனியாவில் பிறந்த வயதான தம்பதி இருக்கிறார்கள். பெற்றோராக இருக்கலாம்.

அவர் இவர்களின் மகள்தானா என்பதை உறுதிசெய்ய, உயில், நிலப்பத்திரம், தேவாலயப் பதிவேடு ஆகியவற்றில் எதை முதலில் பார்க்க வேண்டும்?