உத்திரமேரூர் ஃபார்வர்டும் எங்கள் குடும்பக் குழுவும்

பெரியப்பா: காலை வணக்கம். உலகுக்கே மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்தது நம் உத்திரமேரூர்! 1,100 ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல்! அனைவருக்கும் பகிரவும் 🙏

மதன்: கல்வெட்டு உண்மைதான் பெரியப்பா. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. ஆனால் ஊர் வேலைகளைப் பார்க்கும் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுத்த அது தேர்தல் இல்லை, குலுக்கல்.

பெரியப்பா: ஓலையில் பெயர் எழுதித்தானே குடத்தில் போட்டார்கள்?

மதன்: தகுதியுள்ள எல்லோர் பெயரையும் எழுதிப் போட்டார்கள். மொத்தம் 30 குடும்பு, நம் வார்டு மாதிரி. விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும்.

சுதா அத்தை: நம் தெரு ஏலச்சீட்டில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை 😂

கவி அக்கா: யார் பெயரெல்லாம் ஓலையில் ஏறும்?

மதன்: கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70, வேதப் படிப்பு. அது பிராமணர் சபை அக்கா. வயலில் இறங்கி உழுதவர் பெயர் குடத்துக்குள் போகவே போகாது. இன்று 18 வயதானால் போதும், ஓட்டு உண்டு.

பெரியப்பா: சரி, ராஜா தலையிடாமல் ஊரே ஊரை ஆண்டதே!

மதன்: ராஜாவின் ஆணையோடு வந்த அதிகாரி கூட இருக்கத்தான் சபை அந்த விதிகளையே எழுதியது. ராஜாவை மாற்ற எந்தக் குடத்திலும் ஓலை கிடையாது.

கணேஷ் மாமா: குலுக்கலில் ஒரு நல்லது இருக்கிறது மாப்பிள்ளை. காசு கொடுத்து ஓட்டு வாங்க முடியாது. ஏதென்ஸிலும் 500 பேர் சபைக்குக் குலுக்கித்தான் ஆள் எடுத்தார்கள்.

மதன்: ஒத்துக்கொள்கிறேன் மாமா. ஆனால் எம்.எல்.ஏ.வுக்கு அடுத்த முறையும் நம்மிடம் வர வேண்டுமே என்ற பயம் கொஞ்சமாவது இருக்கும். குடத்தில் வந்தவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் தோற்கடிக்கவும் முடியாது. 360 நாள் பதவி, அப்புறம் மூன்று ஆண்டு அவர் பெயரே ஏறாது.

கவி அக்கா: அப்போ அவரைக் கட்டுப்படுத்தியது எது?

மதன்: கணக்கு! கணக்குக் காட்டாதவர் பெயர் இனி ஓலையில் வராது. அவர் அப்பா, பிள்ளை, மாமனார், மருமகன், தங்கை கணவன், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை பெயரும் வராது.

கவி அக்கா: எங்கள் ஊர்க் கிராம சபையிலும் வரவு செலவை எல்லோர் முன்னும் வைக்க வேண்டும். பிரதிநிதி வழியாக இல்லை, வாக்காளரே நேரில் போய்க் கேட்கலாம். போன முறை போனேன். டீ வந்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது.

கணேஷ் மாமா: மதன், தங்கை கணவனுமா?

மதன்: ஆமாம் மாமா.

கணேஷ் மாமா: மச்சான், போன வருஷக் குலதெய்வக் கோயில் கொடைக் கணக்கை நீங்கள் இன்னும் தரவில்லை. உங்களால் என் பெயரும் காலி 😀

பெரியப்பா: ரசீதெல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எழுதி அனுப்புகிறேன்.

சுதா அத்தை: பந்தல்காரர் ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள் அண்ணே.