ஒரே நேரத்தில் பல வேலைகள்: என் கவனம் குறைந்துவிட்டதா, முறைதான் தவறா?

கேள்வி

வணக்கம். நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மாத இறுதியில் வங்கி அறிக்கையையும் எங்கள் பேரேட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் பொறுப்பு. அதன் நடுவே மின்னஞ்சலுக்கு விடை எழுதுவது, அலுவலகக் குழுவில் வரும் செய்திகளைப் பார்ப்பது, பக்கத்து இருக்கைக்காரரின் ஐயத்தைத் தீர்ப்பது என எல்லாவற்றையும் சேர்த்தே செய்துவந்தேன். அதை ஒரு திறமை என்றும் எண்ணியிருந்தேன். சென்ற மாதம் இரு பக்கத்துக்கும் 180 வித்தியாசம் வந்தது. ஒரு மாலை முழுவதும் தேடிய பிறகுதான், 5,640 என்று இருக்கவேண்டிய இடத்தில் நானே 5,460 என்று பதிந்திருப்பது தெரிந்தது. அந்தப் பதிவைச் செய்த அதே நிமிடத்தில் வேறொரு செய்திக்குப் பதில் அனுப்பியிருக்கிறேன் என்பதை நேரக்குறிப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. இதே துறையில் பல ஆண்டுகள் இருந்தும் இப்படி நேர்வதால் கேட்கிறேன்: என் கவனம் குறைந்துவிட்டதா, அல்லது வேலை செய்யும் முறைதான் தவறா?

பதில் 1

கேள்விக்குச் சற்று வெளியே ஒன்று: வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அந்த மாலை உங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

முறைதான் தவறு என்பது என் கருத்து. 'மல்டிடாஸ்கிங்' என்ற சொல் 1960களில் கணினித் துறையில் புழக்கத்துக்கு வந்தது. ஒரே ஒரு செயலி (பிராசசர்) கொண்ட கணினி இரண்டு நிரல்களை ஒருசேர இயக்குவதில்லை; ஒன்றை நிறுத்தி, அது எந்த நிலையில் நின்றது என்பதை நினைவகத்தில் எழுதிவைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறது, திரும்பி வரும்போது எழுதிவைத்ததைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நாம் அந்தத் தாவலை மட்டும் கற்றுக்கொண்டு, எழுதிவைப்பதை விட்டுவிட்டோம்.

ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதையும், அதனால் இரண்டாவது வேலை பழுதுபடுகிறது என்பதையும் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதைக் 'கவன எச்சம்' எனலாம். அவரும் தெரேசா குளோம்பும் 2018இல் எழுதிய கட்டுரை இதற்கு ஓர் எளிய வழியையும் சோதித்தது. எழுந்து போவதற்கு முன், எங்கே நிறுத்தினோம், திரும்பியதும் எதைச் செய்வோம் என்று சுருக்கமாக எழுதிவைத்தவர்களுக்கு அந்த எச்சம் குறைந்தது. மாதக் கணக்கில் பயிற்சி எடுக்கும் அவசியமில்லை, ஒரு துண்டுத்தாள் போதும்.

பதில் 2

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் குறுக்கீடு எல்லாம் வெளியிலிருந்தே வருவதாகப் பேசுவது முழு உண்மையன்று. நான் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருக்கிறேன். அழைப்பு வருவதே எனக்கு வேலை, அதைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் முழுவதும் நான் பணியிலிருந்து விலகிய ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். யாரும் கூப்பிடாமலே நானாகக் கைபேசியை எடுத்தவற்றுக்கான கோடுகள்தான் மிகுதியாக இருந்தன. ஒரே திரையில் மனிதர்கள் நிலைத்திருக்கும் நேரத்தை நீண்ட காலமாக அளந்துவரும் குளோரியா மார்க், அது 2004ஆம் ஆண்டு வாக்கில் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்து, பிற்கால அளவீடுகளில் 47 நொடியாகச் சுருங்கியது என்கிறார். குறுக்கீடுகளில் ஏறத்தாழப் பாதி நாமாகவே தேடிக்கொள்பவை என்பதும் அவருடைய ஆய்வில் வெளிப்பட்டது. எனவே அறிவிப்பு ஒலியை அணைப்பது பாதி மருந்துதான். கைபேசியை எழுந்து நடந்தால்தான் எட்டும் இடத்தில் வையுங்கள்.

பதில் 3

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறையை யாராவது பரிந்துரைப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: எழுத்து வேலைக்கு அது எனக்கு நன்றாகவே உதவியது, ஒப்பீட்டு வேலைக்கு உதவவில்லை. கண்ணும் விரலும் இணைந்து வேகம் பிடிக்கும் நேரம் பார்த்து மணி அடிக்கும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நான்கு நாள்கள் துண்டுத்தாள் முறையைக் கையாண்டேன். "214 வரை சரி, 215இல் காசோலை எண் பொருந்தவில்லை, ரசீதைப் பார்க்கவேண்டும்" என்பது போல ஒரு வரிதான் எழுதுகிறேன். திரும்பி வந்ததும் மேலிருந்து மறுபடி பார்க்கும் வழக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. எதிர்பாராத ஒரு பயனும் உண்டு. நான் எழுதி முடிக்கும் வரை வந்தவர் நிற்கவேண்டியிருப்பதால், சிலர் "பிறகு வருகிறேன்" என்று போய்விடுகிறார்கள். மேலாளரின் அழைப்பு வரும்போது மட்டும் பேனாவை எடுக்கவே நேரமில்லை. அப்போது அளவுகோலை அந்த வரியின் மேல் வைத்துவிட்டு ஓடுகிறேன்.