அப்பாவின் ஐஸ் ஆக்ஸில் ஏறிய துருவை எப்படி எடுப்பது?

கேள்வி: முத்துநகர்_செல்வி

அப்பா ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். 1979-ல் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தார். போன வருடம் தவறிவிட்டார். தூத்துக்குடி வீட்டுப் பரணில் கிடந்த அவருடைய ட்ரங்குப் பெட்டியை இப்போதுதான் இறக்கினோம். மரப்பிடி போட்ட ஐஸ் ஆக்ஸ் (பனிமலை ஏறுகிறவர்களின் கோடரி) ஒன்று, கயிறு மாட்டுகிற, வாய் திறந்து மூடும் வளையமான இரும்புக் காரபினர் நான்கு, பாறை வெடிப்பில் அடிக்கிற முளையான பிட்டான் ஆறு இருந்தன. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு காரபினரின் வாய் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஆக்ஸின் தலையில் துருவுக்கு அடியில் எஸ், டி, யு என்று மூன்று எழுத்து மட்டும் தெரிகிறது.

டாய்லெட் ஆசிட்டில் போட்டால் பத்து நிமிடத்தில் வெளுத்துவிடும் என்கிறார் ஹார்டுவேர் கடைக்காரர். எனக்குக் கை வரவில்லை. மகன் வேறு, சுத்தம் செய்தபின் காரபினரைப் பாறை ஏறக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறான்.

பதில்: பட்டறைக்காரன்

அந்த ஆசிட் வேண்டவே வேண்டாம். கெட்டிப்படுத்திய எஃகை அதில் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். வெளியே பளிச்சென்று இருக்கும், பாரம் விழும்போது படக்கென்று முறியும். அதன் புகை பட்டால் பக்கத்தில் இருக்கிற மற்ற இரும்பும் துருப்பிடிக்கும்.

பிட்டானுக்கு சிட்ரிக் ஆசிட் போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம். மணிக்கொரு முறை எடுத்துப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், துரு கழன்றதும் நிறுத்திவிடுங்கள். அப்புறம் ஆப்ப சோடா கலந்த நீரில் அலசி, உடனே துடைத்து, ஹேர் டிரையரால் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் தடவுங்கள். ஈரத்தோடு வைத்தால் சற்று நேரத்திலேயே ஆரஞ்சு நிறம் படரும்.

காரபினருக்கு உப்புத்தாள் போடாதீர்கள். பழையவற்றில் காட்மியப் பூச்சு இருக்கலாம், அதன் தூள் விஷம். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவிட்டு வாயை மெதுவாக அசைத்துப் பாருங்கள்.

ஆக்ஸை எதிலும் முக்க வேண்டாம், மரம் ஊறி உப்பிவிடும். தலையை மட்டும் மண்ணெண்ணெய் தொட்ட மெல்லிய ஸ்டீல் ஊலால் தேயுங்கள். எழுத்து இருக்கும் இடத்தில் கை லேசாக இருக்கட்டும்.

பதில்: கங்கோத்ரி_72

அக்கா, எஸ், டி, யு என்றால் அநேகமாக ஸ்டூபாய் என்ற கம்பெனிப் பெயர். ஆஸ்திரியாவில் ஃபுல்ப்மெஸ் என்ற ஊரில் செய்வார்கள், பெயர்பெற்ற கொல்லர் ஊர்.

உங்கள் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: அந்தக் காரபினரை நம்பி ஒருவரும் தொங்கக் கூடாது. துரு தின்ற குழியின் அடியில் விரிசல் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வாயின் ஸ்பிரிங்கும் ஆணியும் உள்ளுக்குள் எவ்வளவு அரித்திருக்கின்றன என்று பிரிக்காமல் சொல்லவே முடியாது. புதிது வாங்கிக் கொடுங்கள்.

மரப்பிடிக்கு லின்சீட் ஆயில் மெல்லிசாகப் பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

முத்துநகர்_செல்வி

இருவருக்கும் நன்றி. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பிட்டான்கள் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன. தலையில் சுத்தியல் அடி வாங்கிய மடிப்புகள்கூடத் தெரிகின்றன, அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். காரபினர் மூன்றாம் நாள் டக்கென்று திறந்தது. ஆக்ஸில் ஸ்டூபாய் என்று முழுப் பெயரும் வந்துவிட்டது. பிடியின் அழுக்கைத் துடைத்தபோது அப்பா கத்தியால் கீறிவைத்த அவருடைய ராணுவ எண் தெரிந்தது. அதன்மேல் எண்ணெய் மட்டும் தொட்டேன்.

மகனுக்குப் புதுக் காரபினர் இரண்டு ஆர்டர் போட்டாயிற்று.

ஒன்று பாக்கி. பிடியின் அடிமுனையில் இருக்கும் இரும்புப் பூண் ஆடுகிறது, உள்ளே மரம் கொஞ்சம் இற்றிருக்கிறது. பூணைக் கழற்றாமல் எண்ணெய் விட்டால் போதுமா, கழற்றித்தான் ஆக வேண்டுமா?