பொருள்: மறு: மறு: ஆம்ப்ளிஃபயர் அளவீடு: "அதிர்வெண் மறுமொழி" சரியான சொல்தானா?

> அண்ணே, எங்கள் ஆம்ப்ளிஃபயர் செட் மேல் சுரங்களுக்குச் சரியாக மறுமொழி தரவில்லை. போனிலிருந்து ஒலி கொடுத்து, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 100 ஹெர்ட்ஸில் 4 வோல்ட், 1,000-இல் 3.6, 10,000-இல் ஒரு வோல்ட் கூட இல்லை. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதை ஆங்கிலத்தில் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் என்கிறார்களே, அதற்குக் கட்டுரையில் "அதிர்வெண் மறுமொழி" என்றே போட்டுவிடலாமா?

தம்பிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

சொல்லுக்கு வருமுன் உங்கள் செட்டின் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடுகிறேன். மலிவான மல்டிமீட்டரோடு வரும் சின்னத் தாளைப் பிரித்துப் பாருங்கள். ஏசி வோல்ட் என்ற இடத்தில் 40 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை என்கிற மாதிரி பொடி எழுத்தில் போட்டிருக்கும். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதைப் பார்ப்பதற்காகச் செய்த மீட்டர் அது. 10,000-இல் மயங்கி விழுந்தது மீட்டராகத்தான் இருக்கும். செட் பாவம், அது பாட்டுக்கு 4 வோல்ட் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

சொல்லின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. "அதிர்வெண் மறுமொழி" என்ற தொகையை விரித்தால் அதிர்வெண்ணின் மறுமொழி என்று வருகிறது. அதிர்வெண்ணா பதில் சொல்கிறது? அது கேள்வி. பதில் சொல்வது கருவி. போதாக்குறைக்கு, வலைப்பூ காலத்திலிருந்தே பதிவுக்குக் கீழே எழுதுவது மறுமொழி என்று பழகிவிட்டது. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னூட்டம் (ஃபீட்பேக்) உண்டு, ஒத்துக்கொள்கிறேன், மறுமொழி வேண்டாம்.

சென்ற வாரம் ஒருவர் "அதிர்வெண் பெருக்கம்" என்று எழுதியிருந்தார். ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் என்றால் சரி. மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும், ஏன், ஓர் அறைக்கும்கூட, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று காட்டும் இதே கோட்டைத்தான் போடுகிறோம். அறை எதைப் பெருக்கும்? (பெருக்கி என்றாலே எங்கள் வீட்டில் துடைப்பத்தைத்தான் நீட்டுகிறார்கள். அது தனிக்கதை.)

ஆடி மாதம் வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், மைக் செட் கட்டுவார்கள். அந்த ஆட்கள் வாயில் இதற்குச் சொல் இருக்கிறது: "பேஸ் எடுக்கல", "ட்ரெபிள் நல்லா எடுக்குது". எடுப்பு என்று வைத்துவிடலாமா என்று எனக்கும் ஆசைதான். ஆனால் பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்துக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஒலி பற்றிய கட்டுரையிலேயே அது வந்து மோதும்.

என் ஓட்டு துலங்கலுக்கு. பள்ளி அறிவியல் புத்தகத்தில் தூண்டல், துலங்கல் என்று படித்தோமே, தொட்டாற்சுருங்கிப் பாடத்தில், அதே சொல். சைன் அலை தூண்டல். வெளியே வருவது துலங்கல். வெறும் புத்தகச் சொல்லும் இல்லை. பாத்திரத்தைத் துலக்கினால் துலங்கும். "மருமகள் வந்த நேரம் வீடு துலங்குது" என்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, இந்தச் சொல் "யாருடைய" என்று கேட்க வைக்கிறது: செட்டின் துலங்கலா, மீட்டரின் துலங்கலா? முழுப்பெயர் "அதிர்வெண்வழித் துலங்கல்" என்று இருக்கட்டும்.

இனி அளக்கும் வழி. மல்டிமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு யூஎஸ்பி சவுண்ட் கார்டு எடுங்கள். முதலில் கார்டின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி, 20-லிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை சைன் அலையை ஓட்டுங்கள். அது கார்டின் துலங்கல். பிறகு கழிக்கத் தேவைப்படும். அப்புறம் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 8 ஓம் சிமென்ட் ரெசிஸ்டர், அந்த வெள்ளைச் செங்கல், 10 வாட் போதும், அதைப் பூட்டுங்கள். இதற்கு நான் பொய்ச்சுமை என்று எழுதுகிறேன். பொய்க்கால் குதிரை இருக்கும்போது பொய்ச்சுமை இருக்கக்கூடாதா? செட்டின் வெளியீட்டை நேராகக் கார்டுக்குக் கொடுத்தால் கார்டு போய்விடும். 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் இரண்டையும் தொடராக வைத்து, சின்னதின் குறுக்கே எடுங்கள். 4 வோல்ட் 0.36 ஆகிவிடும். பேஸ், ட்ரெபிள் திருகுகள் நடுவில் இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: சில போர்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு கம்பியுமே கிரவுண்ட் இல்லை. அப்படிப்பட்டதில் கார்டின் கிரவுண்டைக் கோத்தால் ஐசிக்குச் சங்குதான்.

என் அனுபவம் ஒன்று. பழுது பார்த்து வந்த ஒரு செட்டில் பறை சத்தம் தகர டப்பா மாதிரி கேட்டது. கோடு போட்டுப் பார்த்தேன். 1,000-இல் 4 வோல்ட், 160-இல் 2.83. அதாவது 3 டெசிபல் இறக்கம், பாதித் திறன். அரைத்திறன் புள்ளி 20-க்கும் கீழே இருக்க வேண்டிய செட் அது. திறந்து பார்த்தால் உள்ளீட்டு கெப்பாசிட்டரில் 104 என்று இருக்கிறது. இருந்திருக்க வேண்டியது 105. 0.1 மைக்ரோஃபாரடும் 10 கிலோ ஓம் உள்ளீட்டுத் தடையும் சேர்ந்தால் கணக்குப்படி 159 ஹெர்ட்ஸ். 1 மைக்ரோஃபாரடை மாற்றிப் பூட்டியதும் 16-க்கு இறங்கியது. ஓர் இலக்கம்தான்!

வியாசர்பாடியிலிருந்து
அன்புடன்

----

மறு:

துலங்கலுக்கு என் ஆதரவு. முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் ஒரு திருத்தம். வோல்ட் கூடுவதும் குறைவதும் மட்டும் துலங்கல் ஆகாது. அலை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதும் அதில் அடங்கும். ஆகவே வீச்சுத் துலங்கல், கட்டத் துலங்கல் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தம்பி போட்டது முதலாவது மட்டும்.

"வழி" என்ற ஒட்டு முதல் தடவை எழுதும்போது போதும். ஒவ்வொரு வரியிலும் போட்டால் மாணவன் புத்தகத்தை மூடிவிடுவான். இலங்கை நண்பர்கள் படித்தால் அதிர்வெண் என்பதை மீடிறன் என்று எடுத்துக்கொள்வார்கள், அதில் சிக்கல் இல்லை.

பொய்ச்சுமை நன்றாக இருக்கிறது.

தண்டையார்பேட்டை

----

மறு:

அண்ணே, ஐயா, இருவருக்கும் நன்றி. நேற்று இரவு அளந்துவிட்டேன். முதலில் கோடு தாறுமாறாக வந்தது. காசிமேட்டு உப்புக்காற்றில் ஜாக் பச்சை பூத்துப் போயிருந்தது. எலுமிச்சையும் துணியும் போட்டுத் துலக்கினேன் (ஆமாம், துலக்கினேன்), தண்ணீரில் அலசிக் காயவைத்ததும் சரியானது. 20-லிருந்து 20,000 வரை ஒரு டெசிபலுக்குள் நிற்கிறது. செட்டிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

50 ஹெர்ட்ஸில் மட்டும் ஒரு முள் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் போய்விட்டது. கட்டுரையில் அந்த "உம்ம்" சத்தத்தை இரைச்சல் என்று எழுத மனம் வரவில்லை. இரைச்சல் என்றால் மழை மாதிரி எல்லா அதிர்வெண்ணிலும் கொட்ட வேண்டும். எங்கள் வீட்டில் "செட்டு முனகுது" என்பார்கள். முனகல் என்றே போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.